கொடிமுந்திரியின் மூக்கு

நரம்பியல் ஆராய்ச்சியாளர் டாக்டர் குழந்தை தெரஸ் வாரத்தில் ஐந்து நாள் ஆய்வுக்கூடத்தில் எலிகளோடும் மின்முனைகளோடும் கிடப்பார். சனிக்கிழமை பிற்பகலில் அவர் வேறு ஆள். மதுரையில் தன் வீட்டு மாடியறையில் ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு ஒயின் புட்டியைத் திறப்பார். கண்ணாடிக் கோப்பையில் இரண்டு விரற்கடை ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு எதிரே சாய்த்து நிறம் பார்ப்பார். பிறகு கண்ணை மூடி முகர்வார். ஒரு வாய் உறிஞ்சி நாக்கு முழுக்கப் புரட்டி, பக்கத்தில் வைத்திருக்கும் எவர்சில்வர் சொம்பில் துப்புவார். அதற்குப் பிறகுதான் நோட்டுப் புத்தகம்.

இந்தப் பழக்கம் பிரான்சில், திஜோன் நகரத்தில், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிக்காகப் போயிருந்தபோது தொற்றியது. இப்போது இருபத்திரண்டு வருடமாகிறது. ஊர் திரும்பியதும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்த அம்மா விஷயத்தைக் கேள்விப்பட்டு, மகளுக்குப் புத்தி சொல்லும்படி தேவாலயப் பங்குச்சாமியிடம் முறையிட்டார். பங்குச்சாமி தெரஸைத் தனியாக அழைத்து, கிறிஸ்துமஸுக்கு எந்தப் புட்டி வாங்கினால் நல்லது என்று விசாரித்து அனுப்பினார்.

'கொடிமுந்திரி' என்ற புனைபெயரில் ஒரு சின்ன இணைய இதழில் அவர் ஒயின் விமர்சனம் எழுதிவந்தார். திராட்சைக்குப் பழைய தமிழ்ப்பெயர் அது. வெளிநாட்டு விமர்சகர்கள் சொல்லும் பழங்களையெல்லாம் தள்ளிவிட்டு, நாவல்பழம், களாக்காய், வெட்டிவேர், சுக்கு, கருப்பட்டிப் பாகு என்று நம் ஊர் வாசனைகளிலேயே எழுதுவார். ஆனால் கண்டிப்பானவர். ஒரு புட்டியைப் பற்றி இப்படி எழுதினார்: 'முதலில் ஈரக் காகிதம். அடுத்து குதிரைக் கொட்டடி. கடைசியில் நாக்கில் இரும்பு ஆணி. நூற்றுக்கு முப்பத்தொன்று. புளிக்குப் பதிலாக ரசத்தில் ஊற்றிப் பார்க்கலாம்.' அதைத் தயாரித்தவர் கோபமாக எழுதிய கடிதத்தை தெரஸ் பத்திரமாக வைத்திருந்தார்.

இந்த மூக்கு ஆராய்ச்சிக்குப் பயன்படும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அவருடைய குழு அப்போது செய்துகொண்டிருந்த வேலை, விபத்திலோ நோயிலோ முகரும் திறனை இழந்தவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுப்பது. மூக்கின் மேற்கூரையில் விரல்நகம் அளவு ஒரு சில்லு. அதிலிருந்து மூளையின் முகர்வுப் பகுதிக்கு மயிரிழை போன்ற கம்பிகள். சில்லை வடிவமைத்தவள் நஸ்ரின் என்ற பொறியாளர். முப்பத்திரண்டு வயது, நின்ற இடத்தில் நிற்கமாட்டாள். ஒருநாள் அவள் தலையில் கைவைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், காத்துல என்ன இருக்குன்னு சிப்பு கண்டுபிடிச்சிருது. ஆனா அதுக்கு மூளைல எந்த நரம்பைத் தட்டணும்னு தெரியல. ஏலக்காய்னா எங்க தட்டணும், சாணின்னா எங்க தட்டணும்? யாராவது ஒருத்தரோட மூளையைப் படம் எடுத்து அதைப் பாத்துத்தான் இதுக்குச் சொல்லிக் குடுக்கணும்."

"எத்தனை வாசனைக்கு?"

"ஆயிரமாவது வேணும். ஒரே ஆள், ஒவ்வொண்ணையும் மோந்து, இது இன்னதுன்னு தடுமாறாமச் சொல்லணும். அப்படி ஆள் எங்க இருக்கு?"

தெரஸ் சிரித்துவிட்டார். மூன்று மாதம், தினமும் காலையில் இரண்டு மணி நேரம், தலையில் தொப்பி மாதிரி ஒரு கருவியை மாட்டிக்கொண்டு அவர் குப்பி குப்பியாக முகர்ந்தார். ஆயிரத்து இருநூறு வாசனைகள். அந்தப் படத்தை அப்படியே சில்லில் ஏற்றினார்கள். நோயாளிக்குக் கொடுக்கும் படிவத்தில் 'மாதிரி வழங்கியவர்: ஆரோக்கியமான தன்னார்வலர்' என்று மட்டும் போட்டார்கள். அதற்குமேல் எழுத வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

முதல் நோயாளி திண்டுக்கல்லைச் சேர்ந்த சடையாண்டி. ஐம்பத்தொரு வயது. கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போடும் சமையல் மாஸ்டர். ஆறு வருடத்துக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டதில் உயிர் பிழைத்தது, மூக்கு போய்விட்டது. ஆனாலும் அவர் தொழிலை விடவில்லை. அவருடைய மனைவி மயிலாத்தாள் பூட்டுப் பட்டறையில் வேலை செய்பவள்; பூட்டுக்குள் போகும் பித்தளை லீவர்களை அரத்தால் ராவிக் கொடுப்பாள். விசேஷ நாட்களில் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுக் கணவனோடு போய் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பாள். மசாலாவின் பச்சை வாடை எப்போது போகிறது, கறி எப்போது வெந்து மணக்கிறது, தம் எப்போது பிரிக்கலாம் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் கரண்டி பிடிப்பார். ஆறு வருடம் அப்படித்தான் ஓடியது.

அறுவைச் சிகிச்சை முடிந்து பன்னிரண்டாம் நாள் சில்லை இயக்கினார்கள். நஸ்ரின் ஒரு கொத்தமல்லிக் கட்டை அவர் கையில் கொடுத்தாள். சடையாண்டி அதை மூக்கருகே வைத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கழுத்துக்கு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாட்டுக் கொத்தமல்லி இல்லங்க. ஐப்ரிட்டு," என்றார்.

நஸ்ரின் துள்ளிக் குதித்து தெரஸைக் கட்டிக்கொண்டாள். அன்று முழுவதும் சடையாண்டி ஆஸ்பத்திரியை முகர்ந்துகொண்டு திரிந்தார். மருந்து டப்பா, புதுத் தலையணை உறை, காவலாளியின் சுருட்டு, கேண்டீன் சாம்பார். கேண்டீன்காரரிடம் சாம்பாரில் பெருங்காயம் நேற்றையது என்று சொல்லி அவரை வியக்க வைத்தார். கதவோரம் நின்ற மயிலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே அழுதாள்.

பரிசோதனைக்காக அவர் சனிக்கிழமை தோறும் வர வேண்டியிருந்தது. மூன்றாவது சனிக்கிழமை, ஆய்வுக்கூடத்தில் மின்சார வேலை நடந்ததால், தெரஸ் அவரைத் தன் வீட்டுக்கே வரச் சொன்னார். குப்பிகளை வைத்துச் சோதனை முடிந்தது. போகும்போது சடையாண்டி மேசையில் திறந்திருந்த புட்டியைப் பார்த்து நின்றார்.

தான் குடிப்பதில்லை என்று முதலிலேயே சொன்னார். அப்பா குடித்தே செத்தவர். அந்தச் சாவைப் பார்த்த பிறகு ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் அந்த வாசனை உள்ளே வந்ததிலிருந்து தன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, மோந்து மட்டும் பார்க்கலாமா என்று கேட்டார். தெரஸ் கோப்பையைக் கொடுத்தார்.

"முதல்ல நாவப்பழம்," என்றார் சடையாண்டி கண்ணை மூடியபடி. "அப்புறம் மழை நனைச்ச காரைச் செவுரு. அடியில என்னமோ... வெட்டிவேருங்க. வெயில்ல காயப்போட்ட வெட்டிவேர்."

தெரஸ் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அரை மணி நேரத்துக்கு முன் அவர் எழுதியிருந்தார்: நாவல்பழம். மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர். உலர்ந்த வெட்டிவேர். அதே மூன்று, அதே வரிசையில்.

அது சில்லின் வேலை என்று அவருக்குத் தெரியும். என்றாலும் மனம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடமாக அவர் முகர்ந்ததை இன்னொருவர் முகர்ந்ததில்லை. எழுதிக் காட்டலாம், வர்ணிக்கலாம். படிக்கிறவர்கள் நம்பலாம், நம்பாமலும் போகலாம். இப்போது எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து, நீங்கள் பார்த்த அதே மலையைத்தான் நானும் பார்க்கிறேன் என்று சொல்வதுபோல் இருந்தது. தெரஸ் எழுந்து போய் இன்னொரு புட்டியைத் திறந்தார். அன்று நாலு புட்டி திறந்தார்கள்.

பரிசோதனை வாரங்கள் முடிந்த பின்னும் சடையாண்டி வந்தார். திண்டுக்கல்லில் காலை பஸ் ஏறி, பையில் சீரகச் சம்பாவோ பூண்டோ ஏதாவது கொண்டுவருவார். தெரஸ் சுவைப்பார், அவர் முகர்வார். சொற்களில் அவர் தெரஸை மிஞ்சினார். பீப்பாய் வாசனை தூக்கலான ஒரு ஒயினுக்கு, 'அடிப்பிடிக்கிறதுக்கு ஒரு நிமிஷம் முந்தின சட்டி' என்றார். இன்னொன்றுக்கு, 'கல்யாண மண்டபத்துல பந்தி முடிஞ்சு எலை எடுத்தப்புறம் வர்ற வாசனை' என்றார். தெரஸ் அதையெல்லாம் அனுமதி கேட்டு விமர்சனத்தில் சேர்த்தார். கொடிமுந்திரிக்கு என்ன ஆயிற்று, திடீரென்று எழுத்து சிரிக்கிறதே என்று வாசகர்கள் எழுதினார்கள். அந்த நாலு மாதம்தான் தன் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று தெரஸ் நஸ்ரினிடம் சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மயிலாத்தாள் தனியாக ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தாள். சேலையில் பித்தளைத் தூள் மின்னியது. தெரஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாள் மயிலாத்தாள். பிறகு நிதானமாக, யார் மேலும் குற்றம் சாட்டாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்தில் பிரியாணி பாதி மிஞ்சிவிட்டது. மாஸ்டரை மாற்றிவிட்டீர்களா என்று பெண் வீட்டார் கேட்டார்கள். கிராம்பைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். கறியின் கொழுப்பை வழித்து எறிகிறார். அவள் வைக்கும் குழம்பை முகர்ந்து மார்க் போடுகிறார். சனிக்கிழமை போய் வந்தால் இரண்டு நாளைக்கு மார்க் குறைவாகவே வரும். எதை எடுத்தாலும் முதலில் அதிலுள்ள குற்றம்தான் அவர் மூக்குக்குத் தெரிகிறது. இப்போது பாயைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டுவிட்டார்.

"எங்கையில இரும்பு வாடை அடிக்குதாம். கல்யாணமாகி இருவத்தாறு வருசம், எங்கை இப்படித்தான் இருந்துச்சு. அவரு ஒரு நாளும் சொன்னதில்ல." அவள் சேலையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினாள். "ஆறு வருசம் நாந்தான் அவரு மூக்கா இருந்தேன். இப்ப அவரு மூக்குல இருக்கறது யாரு டாக்டரம்மா?"

படிவத்தில் எழுதிய அந்த ஒற்றை வரி தெரஸுக்கு நினைவுக்கு வந்தது.

"நாந்தாம்மா," என்றார்.

மயிலாத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்குக் கிராம்பு பிடிக்காதா?"

"பிடிக்காது."

"கறிக்கொழுப்பு?"

"அதுவும்."

மயிலாத்தாள் வலது உள்ளங்கையை மேசைக்கு மேலே நீட்டினாள். கோபமாக நீட்டவில்லை, காய்கறிக்காரி காயைக் காட்டுவது போலக் காட்டினாள். "மோந்து பாத்துச் சொல்லுங்க."

தெரஸ் குனிந்து முகர்ந்தார். உலோகம். மெஷின் எண்ணெய். அடியில் வியர்வையும் மஞ்சளும். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அவருடைய மூக்கு தானாகவே சுருங்கியது. ஒயினில் உலோக வாடை வந்தால் அது குறை. திஜோனில் ஒயின் முகரப் பழகிய முதல் வாரத்திலேயே அதைத்தான் கற்றுக்கொண்டிருந்தார். பொய் சொல்ல நினைத்தார், முடியவில்லை.

"எனக்குக் குறைதான் முதல்ல தெரியுது," என்றார். "அது உங்க கையோட குறை இல்ல. என் மூக்கு அப்படிப் பழகிருச்சு. அதைத்தான் நான் அவருக்குக் குடுத்திருக்கேன்."

மயிலாத்தாள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். இதை மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

நஸ்ரினை அழைத்தார்கள். அவள் திரையில் இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டாள்.

"இது என்ன வாசனைன்னு தெரியறது ஒரு அடுக்கு அக்கா. அது பிடிக்குதா பிடிக்கலையாங்கறது இன்னொரு அடுக்கு. நாங்க ரெண்டையும் சேத்து நகல் எடுத்துட்டோம். ரெண்டாவதை மட்டும் உருவி எடுத்துரலாம். ஆனா எடுத்துட்டா அவருக்கு எல்லாம் தெரியும், எதுவும் பிடிக்காது. வெறுப்பும் இருக்காது. மல்லியும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான்."

"எத்தனை நாளைக்கு?" என்றாள் மயிலாத்தாள்.

"எலிகளுக்கு ஆறேழு வாரத்துல புதுசா சொந்தமா வளந்துச்சு. மனுசங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல. வளரும்னு நினைக்கிறேன். வளரலைன்னா திரும்பப் பழைய அடுக்கை வச்சாலும் ஒட்டாது."

அந்த வாரம் தெரஸ் சரியாகத் தூங்கவில்லை. அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அடுக்கை எடுத்துவிட்டால் சனிக்கிழமைகள் போய்விடும். உலகத்தில் தன்னைப் போலவே முகரும் ஒரே மனிதர் இல்லாமல் போய்விடுவார். சில்லை அப்படியே விட்டுவிட்டுக் கிராம்புக்கும் உலோகத்துக்கும் மட்டும் ஒட்டுப்போட முடியுமா என்று நஸ்ரினிடம் இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவை கேட்கும்போதே தான் யாருக்காகக் கேட்கிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

சனிக்கிழமை சடையாண்டி வந்ததும், புட்டியைத் திறக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். யாருடைய மூக்கு, படிவத்தில் எதை மறைத்தது, இனி என்ன செய்யலாம், அதில் என்ன ஆபத்து. சடையாண்டி கையிலிருந்த பூண்டுப் பையை மேசைமேல் வைத்தார்.

"கொத்தமல்லிய மோந்துட்டு அழுதேனே," என்றார். "அப்ப அழுதது நானா, நீங்களா?"

"தெரியல மாஸ்டர். சத்தியமாத் தெரியல."

"அதைத் தெரிஞ்சுக்கணும்ங்க. எடுத்துருங்க." எழுந்து செருப்பை மாட்டும்போது திரும்பி, "அப்படியே எடுத்தாலும் சனிக்கிழமை நான் வருவேன். பூண்டு யாரு கொண்டாந்து தருவாங்க?" என்றார்.

இரண்டாவது அடுக்கை எடுத்தார்கள். அறுவை எதுவும் தேவைப்படவில்லை. நஸ்ரின் கணினியில் இருந்தபடியே பத்து நிமிடத்தில் முடித்தாள். முன்பு மாதிரியே அவர் கையில் கொத்தமல்லியைக் கொடுத்தார்கள். "கொத்தமல்லி," என்றார். அவ்வளவுதான்.

நஸ்ரின் ஒரு பட்டியல் கொடுத்திருந்தாள்: தினமும் இருபது வாசனை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். மயிலாத்தாள் அந்தத் தாளை மடித்து ஜன்னல் ஆடாமலிருக்கக் கட்டையாகச் செருகிவிட்டாள். பட்டியல் போட்டுப் பிடித்தம் வருமா என்றாள். ஞாயிறுதோறும் திண்டுக்கல்லில் தங்கள் வீட்டில் சமைப்பது, சாப்பிடுவது, பேசுவது என்று அவளே ஒரு வைத்தியம் வகுத்தாள். டாக்டரம்மாவும் வந்தே ஆக வேண்டும் என்றாள். கெடுத்தவர் உடனிருந்து சரிசெய்ய வேண்டும் என்பது அவள் நியாயம். ஒரே ஒரு சட்டமும் போட்டாள். சாப்பாட்டைப் பற்றி யார் குறை சொன்னாலும், மார்க் போட்டாலும், அன்று பாத்திரம் முழுவதும் அவர்தான் கழுவ வேண்டும்.

முதல் ஞாயிறு, மீன் குழம்பை ஒரு வாய் வைத்ததுமே, புளி ஒரு படி தூக்கல் என்று தெரஸ் சொல்லிவிட்டார். வாயை மூடுவதற்குள் மயிலாத்தாள் பாத்திரம் தேய்க்கும் சபீனா டப்பாவை எடுத்து வைத்தாள். இரண்டாவது ஞாயிறும் அவர்தான் கழுவினார். மூன்றாவது ஞாயிறு, ரொம்ப உஷாராக, குறை எதுவும் சொல்லாமல் கோலா உருண்டைக்குத் தொண்ணூற்றிரண்டு கொடுத்தார். மார்க் என்றால் மார்க்தான் என்றாள் மயிலாத்தாள். தேக்சாப் பாத்திரத்தின் அடிக்கரியைத் தேய்த்துத் தேய்த்து தெரஸின் வளையல் உடைந்தது. சடையாண்டி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எங்கெங்கே இன்னும் கரி ஒட்டியிருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தார். அன்று மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

அதற்கப்புறம் தெரஸ் வாயைத் திறக்காமல் சாப்பிடக் கற்றுக்கொண்டார். குறையைச் சொல்ல முடியாதபோது மனம் வேறு எதையாவது கவனித்தாக வேண்டியிருந்தது. மயிலாத்தாள் தாளிக்கும்போது கடுகு வெடிக்கும் வரை முகத்தைத் திருப்பாமல் நிற்பதைக் கவனித்தார். சடையாண்டி அரிசி களையும்போது உதட்டுக்குள் கணக்குப் போடுவதைக் கவனித்தார். இரண்டு வாரம் போன பின், சாப்பாட்டுக்குப் பிறகு மயிலாத்தாளோடு பட்டறையில் உட்கார்ந்து லீவர் ராவவும் பழகினார். பத்துக்கு மூன்று தேறியது.

ஆனால் சடையாண்டிக்கு எதுவும் வளரவில்லை. ஆறாவது வாரம் முடிந்தது. பிடித்திருக்கிறதா என்று யார் கேட்டாலும், தெரிகிறது என்பார். தொலைபேசியில் நஸ்ரினின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

ஏழாவது ஞாயிறு மட்டன் பிரியாணி. கறி வெந்துகொண்டிருந்த நேரத்தில் மயிலாத்தாளை அவசரமாகப் பட்டறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பெரிய ஆர்டர் போக வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கை கழுவாமல் அப்படியே ஓடிவந்தாள். கறி பதமா என்று பார்க்க, கரண்டியிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து ஊதி, வழக்கம்போல முதலில் கணவன் வாயருகே நீட்டினாள்.

சடையாண்டி வாயைத் திறக்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கறித்துண்டு தரையில் விழுந்தது. உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் மெதுவாக மூச்சை இழுத்தார்.

மயிலாத்தாளின் முகம் கறுத்தது. "வாடை அடிக்குதா?"

"அடிக்குது."

"இருங்க, கழுவிட்டு வந்துர்றேன்."

"வேணாம்," என்றார் சடையாண்டி. கையை விடவில்லை. "வேணாம் மயிலு. கொஞ்ச நேரம் இப்படியே இரு."

தெரஸ் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். தெருவில் ஒன்றுமில்லை, ஒரு ஆடு சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். பின்னால் அடுப்பில் கறி லேசாக அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவர் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. மறுநாள் வறுத்த கிராம்பு. புதன்கிழமை புதினா. வெள்ளிக்கிழமை, சாக்கடை வாடை பிடிக்கவில்லை என்று அவர் போன் செய்தபோது நஸ்ரின் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தாள். கொத்தமல்லிதான் கடைசியில் வந்தது. இந்த முறை அவர் அழவில்லை, சிரித்தார். முன்பு அழுதது யார் என்று இனி தனக்குத் தெரிய வேண்டியதில்லை என்றார். மறு மாதம் வத்தலக்குண்டிலேயே ஒரு வளைகாப்புக்குப் பிரியாணி போட்டார்கள். ஒரு பருக்கை மிஞ்சவில்லை. மயிலாத்தாள் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் நின்றாள்.

சடையாண்டி சொன்னபடியே சனிக்கிழமைகளில் வந்தார். இப்போது அவர்கள் இருவருக்கும் எந்தப் புட்டியிலும் ஒத்துப்போகவில்லை. தெரஸ் நாற்பது மார்க் கொடுத்துத் தள்ளி வைத்த ஒன்றை அவர் எடுத்து, கண்ணை மூடி, ஆகா, இதில் ஒரு பூட்டுப் பட்டறையே இருக்கிறது என்றார். அது குறை என்றார் தெரஸ். யாருக்குக் குறை என்றார் சடையாண்டி. ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். தன்னைப் போலவே முகரும் ஒருவரோடு இருந்ததைவிட இது இன்னும் சந்தோஷமாக இருப்பது தெரஸுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த வார விமர்சனத்தில் இரண்டு கருத்துகளையும் இரண்டு பெயரில் போட்டார். கீழே அதுவரை வராத அளவுக்குக் கடிதங்கள் வந்தன.

ஒரு வருடம் கழிந்தது. இரண்டாவது நோயாளி தயாரானார். காய்ச்சலில் முகர்வை இழந்த ஒரு பள்ளி ஆசிரியை. இந்த முறை படிவத்தில் மாதிரி கொடுப்பவரின் பெயர், தொழில், பிடித்தவை, பிடிக்காதவை எல்லாம் இரண்டு பக்கத்துக்கு இருந்தன. புதிய சில்லுக்குப் புதிய படம் தேவைப்பட்டதால் தெரஸ் மீண்டும் தொப்பியை மாட்டிக்கொண்டு குப்பிகளை முகர்ந்தார்.

நஸ்ரின் முதல் நாள் முடிவை எடுத்துப் பார்த்துவிட்டு, கருவியை அணைத்து மறுபடி போட்டாள். மறுநாளும் அப்படியே செய்தாள். மூன்றாம் நாள் பழைய படத்தையும் புதிய படத்தையும் அச்செடுத்துக்கொண்டு தெரஸின் அறைக்கு வந்தாள்.

"மேடம், மெஷின்ல ஏதோ கோளாறுன்னு நினைக்கிறேன். கிராம்பைப் பாருங்க, போன தடவை வெறுப்புப் பக்கம் எரிஞ்சுச்சு. இப்ப பிடிக்கிற பக்கம் எரியுது. கறிக்கொழுப்பும் அப்படித்தான். பித்தளை இதைவிட மோசம். உங்க படத்துலயே பிரகாசமா இருக்கறது அதுதான். மல்லிகையைவிட, ஏலக்காயைவிட." அவள் குழம்பிப்போய் நின்றாள். "மாஸ்டர் மூளைல சிப்பு வச்சோம், மாறுச்சு, சரி. உங்க மூளைல நாங்க ஒண்ணுமே வைக்கலையே."

தெரஸ் இரண்டு தாள்களையும் மேசையில் விரித்து வைத்துப் பார்த்தார். பழைய படத்தில் பித்தளைக்கு நேரே கறுப்பாக இருந்த இடத்தில் புதியதில் ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம். அதை விரலால் தொட்டார். மெஷினில் கோளாறு இல்லை என்று நஸ்ரினிடம் சொன்னார்.

"அப்ப டீச்சரம்மாவுக்கு இந்தப் படத்தையா ஏத்தறது?"

"முதல் அடுக்கை மட்டும் ஏத்து. ரெண்டாவதை உருவிரு. பிடித்தத்தை அவங்க வீட்டு ஆளுங்க குடுத்துக்கட்டும்."

"உருவுனதை அழிச்சிரவா மேடம்?"

"அழிக்காத," என்றார் தெரஸ். புதிய தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "இதைத் திண்டுக்கல்லுல மயிலாத்தாளுக்குக் காட்டணும்."

மணியைப் பார்த்தார். பதினொன்றேகால். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்விடலாம்.